கிங்ஸ்வுட் எச்.கியூ வாங்கலாமா, எச்.இசட் தேடலாமா?

மெல்பர்ன்காரன்:
ஆஸ்திரேலியாவோட பழைய ஹோல்டன் கம்பெனி கார், கிங்ஸ்வுட் எச்.கியூ செடான் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. 1973 மாடல், 202 கன இன்ச் சிக்ஸ் சிலிண்டர் இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்துல கியர், முன்னாடி பெஞ்ச் சீட். பக்கத்து வீட்டுப் பெரியவர் "எச்.கியூ வேணாம், அதுக்கப்புறம் வந்த எச்.இசட் பாரு"ங்கிறார். ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரிதானே இருக்கு, அப்படி என்ன வித்தியாசம்? டெய்லி ஓட்டறதுக்கு இல்ல, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஒரு ரவுண்டு போக.

பழைய இரும்பு:
பெரியவர் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றார்னு நெனைக்கிறேன். கிங்ஸ்வுட்ங்கிற பேரு 1968ல எச்.கே.ங்கிற மாடலோட வந்தது, வசதில கீழ பெல்மான்ட், மேல பிரீமியர், நடுவுல இது. 1971ல வந்த எச்.கியூதான் முழுசா புது வண்டி, பின்னாடி இருந்த லீஃப் ஸ்பிரிங்க (பட்டை ஸ்பிரிங்) தூக்கிட்டு நாலு பக்கமும் காயில் (சுருள் ஸ்பிரிங்) போட்டாங்க, 1974க்குள்ள 4 லட்சத்து 85 ஆயிரத்துக்கு மேல வித்துச்சு, ஹோல்டன் வேற எந்த மாடலும் இவ்ளோ வித்ததில்ல. ஆனா சொகுசுக்காக செட் பண்ண சஸ்பென்ஷன், வளைவுல கொஞ்சம் வேகமா திருப்பினா மூக்கு நேராவே போகப் பாக்கும். அத 1977 கடைசில எச்.இசட்லதான் சரி பண்ணாங்க, ரேடியல் டயருக்கு ஏத்த மாதிரி செட் பண்ணது, ரேடியல் டியூன்ட் சஸ்பென்ஷன்னு பேரு. அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் எச்.இசட் பக்கம்.

சிவப்பு மோட்டார்:
இரும்பு அண்ணே, பாதி கதைய விட்டுட்டீங்களே! 1976ல புகை கட்டுப்பாட்டு விதி வந்ததும் எச்.இசட்டுக்கு முந்தின எச்.எக்ஸ்ல இருந்தே இன்ஜின் குரல்வளைய நெரிச்சுட்டாங்க, எச்.இசட்டும் அந்த வரிசைதான். எச்.கியூல 202 அப்படி இல்ல, மிதிச்சா போகும். ஞாயித்துக்கிழமை ரவுண்டுக்கு வளைவுல என்ன பந்தயமா விடப்போறார்? பிரேக்க மட்டும் கேளுங்க தம்பி, சாதா வண்டில நாலு வீலுக்கும் டிரம்தான், முன்னாடி டிஸ்க் மாத்தியிருந்தா நிம்மதி.

மெல்பர்ன்காரன்:
முன்னாடி டிஸ்க் இருக்கு அண்ணே, யாரோ மாத்தியிருக்காங்க. பெயின்ட் பளபளன்னு புதுசா இருக்கு.

சிவப்பு மோட்டார்:
புது பெயின்ட்னாதான் பயம். ஒரு சின்ன காந்தத்த துணில சுத்தி எடுத்துட்டுப் போங்க, பின் கண்ணாடிக்குக் கீழ, முன் சக்கரத்துக்குப் பின்னாடி, கதவு அடியில வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள தகரம் இல்ல, புட்டிதான். டிக்கி மேட்ட தூக்கி விரலால தடவுங்க, பின் கண்ணாடி ஓரமா இறங்குற தண்ணி அங்கதான் வந்து நிக்கும், ஈரமோ துரு பொடியோ கைல வந்தா விலைய நல்லா குறைச்சுக் கேளுங்க, இல்லன்னா நடைய கட்டுங்க. இன்ஜின் எவ்ளோ கெட்டாலும் சரி பண்ணிடலாம், துருவுக்கு முடிவே இல்ல.

பழைய இரும்பு:
துரு விஷயத்துல சண்டையே இல்ல. இன்ஜின் வால்வ திறந்து மூட வைக்கிற கேம்ஷாஃப்ட்ட சுத்துற பல்சக்கரம், அதாவது கேம்ஷாஃப்ட் கியர், ஃபைபர்ல பண்ணது, பல்லு உதிர்ந்தா நடு ரோட்ல நிப்பீங்க, மாத்திருக்கான்னு கேளுங்க. இன்ஜின் ஹெட்ல வால்வு வந்து உக்கார்ற சீட்டும் லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல் காலத்துது, 2002ல இருந்து இங்க அந்த பெட்ரோலே கிடையாது, ஹார்டன் பண்ண சீட் போடலன்னா அடிட்டிவ் ஊத்தித்தான் ஓட்டணும்.

கிளப் பிளேட்:
விக்டோரியால 25 வருஷம் தாண்டின வண்டிக்கு கிளப் பர்மிட் வாங்கலாம், ஓட்டுற நாள லாக் புக்ல எழுதணும், வருஷத்துக்கு 45 நாள் அல்லது 90 நாள். உங்க ஞாயித்துக்கிழமைக்கு 90 தாராளம், ஃபுல் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டியதில்ல, ஆனா அங்கீகாரம் உள்ள ஒரு கிளப்ல மெம்பரா இருக்கணும்.

மெல்பர்ன்காரன்:
சரி, சனிக்கிழமை காந்தத்தோட போறேன். வண்டிக்காரர்ட்ட ஃபோன்ல கேட்டா அந்த கேம்ஷாஃப்ட் கியர் ஏதோ அலுமினியம்னு சொல்றார், அது நல்லதா?

சிவப்பு மோட்டார்:
நல்லது, கொஞ்சம் சத்தம் போடும், அவ்ளோதான்.