மறு: சோலார் வேலி நிதி – என் பங்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மாமா அனுப்பிய வசூல் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. யானை தோட்டத்துக்குள் வராமல் தடுக்கும் வேலிக்கு என்றால் நான் தரமாட்டேன். போன மாதம் ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.

ஓடை மேட்டில் பெரியப்பா கடலை போட்டிருந்த நிலம் இப்போது வீட்டுமனை சைட். சுற்றிலும் ஆள் உயரச் சுவர். விடிகாலையில் சின்ன அத்தையோடு போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டியே யானைத் தடம், நடுவில் குட்டியின் தடம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. சுவர் முடியும் மூலைவரை வந்து, போக வழியில்லாமல் திரும்பி, நேராக அத்தையின் சோளக்காட்டுக்குள் இறங்கியிருக்கின்றன. அத்தை அழவில்லை, மிதிபட்ட தட்டையை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார்.

நாம் வேலி போட்டால் யானை மேற்கே பங்காளிகள் தோட்டத்துக்குள் போகும், அவ்வளவுதான். அப்புறம், 2023 விதிகளின்படி காப்புக்காட்டுப் பக்கம் புதிதாக மின்வேலி போட வனத்துறை அனுமதி வேண்டும். பட்டியல் போடும் முன் யாராவது கேட்டீர்களா?

காடு நம்முடையது இல்லை, ஆனால் இரண்டு காட்டுக்கும் நடுவில் இருக்கும் வயல் நம்முடையது. அது வயலாகவே இருந்தால் யானை ராத்திரியில் கடந்து போய்விடும். நீலகிரி சீகூரில் 2010-லேயே யானை வழித்தட அரசாணை வந்தது, உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்ல 2020 அக்டோபர் ஆகிவிட்டது, அதற்குள் எத்தனை விடுதி! டெல்டாவுக்கு 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, அதுவும் எண்ணெய், எரிவாயு மாதிரி தொழில்களைத்தான் தடுக்கிறது, சைட் போடுவதை இல்லை. வழித்தட வயலை விற்காமல் உழுகிறவருக்கு வருஷா வருஷம் பணம் தரும் சட்டம் வேண்டும். வெறும் தடை மட்டும் போட்டால் அத்தை மாதிரி ஆட்கள்தான் சாவார்கள்.

அப்பிச்சி ஓடையோரம் இரண்டு ஏக்கரை உழாமல் மேய்ச்சலுக்கு விட்டிருந்தார். “அது அவங்க வழி” என்பார். ராத்திரி தோட்டத்துச் சாளையில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு கிளை முறியும் சத்தம் கேட்டிருக்கிறேன், பயமே இருக்காது. அந்த இரண்டு ஏக்கரும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. விற்றவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், வேலிக்கு முதல் ஆளாகப் பணம் தருவதாகவும் எழுதியிருக்கிறார்.

கணக்கு கேட்கும் அண்ணா, வக்கீல் வைத்து இப்படி ஒரு சட்டம் கேட்டு மனுவைத் தமிழில் எழுதி எம்எல்ஏவிடமும் கலெக்டரிடமும் கொடுப்பதாக இருந்தால் என் பங்கை இரண்டு மடங்காகத் தருகிறேன், ரசீது போட்டே வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்.