‘தொற்றுக்காட்டி’ சரியா? துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

தாய்சேய்ப் பிரிவு மிசி (தாதி):
அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் தாய்மார் வகுப்புக்குத் துண்டறிக்கை தயாராகிறது. கர்ப்பத்திலும், பிள்ளை பெற்று 42 நாள் வரையிலும் கிருமித்தொற்றைத் தேடும்போது இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையும், சிஆர்பி, புரோகால்சிடோனின் என்ற இரு புரதங்களின் அளவும் பார்க்கிறோம். இவற்றுக்குப் பொதுப்பெயர் வேண்டும். மலாயில் ‘பெனண்டா’ (அடையாளம் காட்டுவது). நான் ‘தொற்றுக்காட்டி’ என்று எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர்:
‘காட்டி’ அருமை. மண்வெட்டி, திசைகாட்டி போல இகரம் இங்கே கருவிப்பொருள் விகுதி. “அடுத்தது காட்டும் பளிங்கு” நினைவுக்கு வருகிறது. ஆனால் அறிக்கை முழுதும் ‘இரத்தம்’ எதற்கு? ‘குருதி’ என்றே எழுதலாமே. “குருவும் கெழுவும் நிறனாகும்மே” என்கிறது தொல்காப்பியம். குரு என்னும் நிறத்திலிருந்தே குருதி பிறந்தது என்பது என் துணிபு. குருவிந்தக் கல்லின் சிவப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஆய்வக மருத்துவர்:
ஐயா, குருவிந்தம் இருக்கட்டும். எனக்குத் தடை ‘தொற்று’ என்ற சொல்லில்தான். சிஆர்பி ஈரல் சுரக்கும் புரதம். அழற்சி, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ உடம்பு காட்டும் எதிர்வினை, எதனால் வந்தாலும் ஏறும். வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்தால், கிருமியே இல்லாமல் 2ஆம் நாள் உச்சத்துக்குப் போகும். சுகப்பிரசவத்திலும் ஓரளவு ஏறும். வெள்ளணுவும் அப்படித்தான்: கர்ப்பத்தில் மைக்ரோலிட்டருக்கு 15,000 வரை இயல்பு, பிரசவ வலியில் 25,000கூட வரலாம்.

மறுபக்கம் இன்னும் ஆபத்து. தொற்று தொடங்கி 6 முதல் 12 மணி நேரம் கழித்தே சிஆர்பி ஏற ஆரம்பிக்கும். காய்ச்சல் கண்டவுடன் எடுத்த இரத்தத்தில் எண் குறைவாக இருந்தால் தொற்றில்லை என்று அர்த்தமில்லை. புரோகால்சிடோனின் கொஞ்சம் முந்தும், ஆனால் அதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. மறுநாள் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். இறங்கவேண்டிய நாளில் ஏறினால் கருப்பை, தையல், மார்பு, சிறுநீர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ‘தொற்றுக்காட்டி’ என்று அச்சடித்தால், எண் குறைவு என்று நம்பி ஒரு தாய் காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்திருப்பாள். ‘அழற்சிக்காட்டி’ என்று போடுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்):
டாக்டர் சொல்வது நியாயம். ஆனால் ‘அழற்சி’ தோட்டத்தில் புழங்காத சொல். அழல் என்றால் சூடு என்று எடுத்துக்கொண்டு, பத்தியத்தில் இருப்பவளுக்குச் சூடு தணியக் கைமருந்து பார்ப்பார்கள். ‘இரத்த அறிகுறி’ போதாதா?

ஆய்வக மருத்துவர்:
போதாது. அறிகுறி நோயாளி உடம்பில் உணர்வதும் நாம் கண்ணால் காண்பதும். இது குழாயில் அளப்பது.

மிசி:
அப்படியானால் ‘காட்டி’யை வைத்துக்கொண்டு ‘இரத்தக்காட்டி’ என்று போடலாம்; பெரும்பாலோர் இதற்கு இணங்குகிறார்கள். கீழே தடித்த எழுத்தில் இப்படிப் போடுகிறேன்: “இந்த எண் மட்டும் தொற்றை உறுதிசெய்யாது, இல்லை என்றும் சொல்லாது. 38 டிகிரி காய்ச்சல், நாற்றமுள்ள உதிரப்போக்கு, அடிவயிற்று வலி, மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளினிக்குக்கு வாருங்கள்.”

தமிழாசிரியர்:
அந்த வரிகளுக்கு முழு ஆதரவு. சொல்லுக்கு இல்லை. திசையைக் காட்டுவது திசைகாட்டி. அந்த வழக்கில் இது இரத்தத்தைக் காட்டுவது என்றாகிவிடும். இரத்தத்தில் காட்டுவது என்று ஏழாம் வேற்றுமையாக விரிக்க வாசகருக்கு யார் சொல்லித்தருவார்? ‘குருதிக்குறி’ என்ற என் பரிந்துரையைப் பதிவில் வைத்திருங்கள்; அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.