கடலோர வீட்டுச் சமையலறை: எவர்சில்வரா, கறுப்பா, வெள்ளையா?

டோட்டிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்துக் கடலோர ஊரான அமன்சிம்டோட்டியில் கடலைப் பார்த்த ஃபிளாட், மூன்றாவது மாடி. சமையலறையை மாற்றிக் கட்டுகிறோம், அலமாரி வேலை அடுத்த மாதம் முடிந்துவிடும். அதற்குள் ஃபிரிட்ஜ், காஸ் ஹாப் (மேடையில் பதிக்கிற அடுப்பு), அதற்குக் கீழே மின்சார ஓவன், புகையை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர், பாத்திரம் கழுவுகிற மெஷின் எல்லாம் வாங்கியாக வேண்டும். என்ன வாங்குவது என்பதில் பிரச்சினை இல்லை, எந்த நிறம், எந்தப் பூச்சு என்பதில்தான் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு எல்லாமே எவர்சில்வரில் வேண்டும். பெரிய மகள் பளபளப்பில்லாத மேட் கறுப்பைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்கிறாள். மாமியார் வெள்ளைதான் லட்சுமிகரம், அழுக்குக் கண்ணில் பட்டால்தானே துடைப்பாய் என்கிறார். கடைக்காரரோ கறுப்பு ஸ்டீல்தான் இப்போது ஓடுகிறது, விரல் அடையாளம் தெரியாது என்று அதையே காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் தினமும் இரண்டு வேளை சமையல். தாளிப்பு, மீன் வறுவல், ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையில் பிரியாணி. ஜன்னலைத் திறந்து வைக்காமல் சமைக்கவே முடியாது, அத்தனை புழுக்கம். இப்போது இருக்கிற ஸ்டீல் கலர் ஃபிரிட்ஜில் கதவின் கீழ் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன, துடைத்தால் போகிறது, கொஞ்ச நாளில் மறுபடி வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. கடல் பக்கம் குடியிருப்பவர்கள் எது வைத்திருக்கிறீர்கள், எது தாங்குகிறது? எல்லாச் சாமானும் ஒரே பூச்சில் இருந்தே ஆக வேண்டுமா?

தென்கரை மெக்கானிக்:

தங்கச்சி, டர்பனுக்குத் தெற்கே கடற்கரை ஓரமாக ஃபிரிட்ஜ், ஸ்டவ் ரிப்பேர் பார்ப்பதுதான் என் தொழில். நிறத்துக்கு அப்புறம் வருவோம், முதலில் தகட்டைப் பார்க்க வேண்டும்.

எவர்சில்வரைத் துரு அண்டாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரும்போடு குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் சேர்ந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் தானாகவே உண்டாகிறது, கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். அதுதான் காவல். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைத்தான் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. 304 என்ற ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும், அது ஓரளவு நன்றாகவே தாங்கும். 430இல் குரோமியம் 16 முதல் 18 வரை இருந்தாலும் நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, அதனால் மலிவு, அதனால்தான் வீட்டுச் சாமான்களின் முகப்பில் அதுவே அதிகம் வருகிறது. மாலிப்டினம் சேர்ந்த 316 கடலுக்கென்றே ஆன ரகம், ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். கதவின் நடுவில் ஒட்டவில்லை என்றால் நிக்கல் சேர்ந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டினால் அது 430, இல்லை என்றால் சாதாரண இரும்புத் தகட்டின் மேல் ஸ்டீல் மாதிரித் தெரிகிற பூச்சு. பூச்சு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பூச்சு முழுசாக இருக்கிற வரை உப்பு உள்ளே போக முடியாது. தகட்டை வெட்டி மடித்த ஓரம், கீல் பக்கம், கைப்பிடி திருகாணி, கதவின் அடி விளிம்பு, இந்த இடங்களில் பூச்சு நன்றாக மூடியிருக்கிறதா என்று குனிந்து விரலால் தடவிப் பாருங்கள். நான் பார்க்கிற துரு முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் பழைய ஃபிரிட்ஜ் பற்றி: துடைத்தால் போகிற பழுப்பு மேலோட்டமான கறைதான், தகடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் எவர்சில்வரில் இது சகஜம். வெளியில் இருக்கிற கைப்பிடிக் கம்பியையாவது மழை கழுவிவிடும், வீட்டுக்குள் ஃபிரிட்ஜை மழை கழுவாது. கோடையில் வடகிழக்குக் காற்று கொண்டுவருகிற உப்பு அப்படியே படிந்து, பிப்ரவரிப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு கதவு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். நம் தட்டும் டம்ளரும் தலைமுறை தாண்டி உழைப்பது ஏன்? தினமும் கழுவித் துடைத்துக் கவிழ்க்கிறோம். ஃபிரிட்ஜ் கதவை அப்படி யார் துடைக்கிறார்கள்?

அதனால் என் கருத்து: ஃபிரிட்ஜ் வெள்ளையோ சாம்பல் நிறமோ, நல்ல பெயிண்ட் பூச்சில் எடுங்கள். ஹாப், எக்ஸ்ட்ராக்டர் இரண்டும் எவர்சில்வரில் இருக்கட்டும், ஏனென்றால் அவற்றை எப்படியும் தினமும் துடைத்துத்தான் ஆக வேண்டும். ஒரே பூச்சில் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இன்னொன்று. ஜிக் மாதிரி பிளீச்சை எவர்சில்வர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதிலும் குளோரின்தான் இருக்கிறது. ஹேண்டி ஆண்டி மாதிரி நறநறப்பான கிரீம் கோடு போட்டுவிடும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் அதன் துகள் தகட்டில் பதிந்து அதுவே துருப்பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சன்லைட் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, தகட்டில் கோடு ஓடுகிற திசையிலேயே துடைத்து, பிறகு நல்ல தண்ணீர், கடைசியில் உலர்ந்த துணி. அந்தக் கடைசித் துணிதான் முக்கியம்.

மெரேபாங்க் ஆயா:

மகளே, உன் மாமியார் சொல்வதைக் கேள். எங்கள் பக்கம் கடல் உப்போடு ஆலைப் புகையும் பார்த்தவர்கள் நாங்கள். என் அம்மா வைத்திருந்தது வெள்ளை எனாமல் போட்ட டிஃபை ஸ்டவ். அது 1905இல் டர்பனிலேயே தொடங்கிய கம்பெனி, ஃபேக்டரி இங்கே பக்கத்தில் ஜேக்கப்ஸில்தான், எங்கள் தெருவிலிருந்தே அங்கே வேலைக்குப் போனவர்கள் உண்டு. எனாமல் என்றால் பெயிண்ட் இல்லை, கண்ணாடித் தூளை 800 டிகிரிக்கு மேல் சூளையில் உருக்கித் தகட்டோடு ஒட்ட வைத்தது. புளித்தண்ணீர் கொட்டினாலும் சீக்கிரம் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு எதிரி, பாரம். தோசைக்கல்லைக் கை தவறிப் போட்டால் சில்லு பெயர்ந்துவிடும், பெயர்ந்த இடத்தில் துரு ஏறும்.

வெள்ளையில் மஞ்சள் கறை நிற்கும் என்று பயப்படுகிறார்கள். வழவழப்பான கதவில் நிற்காது, கைப்பிடி பிளாஸ்டிக்கிலும் கதவைச் சுற்றி இருக்கிற ரப்பரிலும்தான் நிற்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு வெளிச்சம் படும்படி கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வை, மஞ்சளின் நிறம் வெயிலுக்கு வெளுத்துவிடும்.

அப்புறம், புதுச் சாமான் வீட்டுக்கு வந்ததும் சந்தனம் குங்குமம் வைப்போம் இல்லையா, அதைக் கதவின் நடுவில் வைக்காதே. கடைக் குங்குமத்தில் சாயம் இருக்கிறது, மேட் பூச்சில் இறங்கினால் பொட்டு போன பிறகும் சிவப்பு வட்டம் நிற்கும். பக்கவாட்டில் மேலாக வை, பூஜை முடிந்த அன்றைக்கே ஈரத் துணியால் எடுத்துவிடு. சாமி கோபித்துக்கொள்ளாது.

லெனேசியா தம்பி:

அக்கா, நான் ஜோஹன்னஸ்பர்க் பக்கம், இங்கே கடல் உப்பு கிடையாது, தூசிதான். எங்கள் வீட்டில் இருப்பது நீங்கள் சொன்ன கறுப்பு ஸ்டீல், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தகடே கறுப்பு இல்லை, சாதாரண ஸ்டீலின் மேல் கறுப்பாக ஒரு மெல்லிய பூச்சு. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. விரல் அடையாளமும் பளபள ஸ்டீலை விடக் குறைவாகவே தெரிகிறது. ஆனால் கீறினால் உள்ளே இருக்கிற வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரியும், வெறும் ஸ்டீலில் கீறல் விழுந்தால் கோடு ஓடுகிற திசையில் மெதுவாகத் தேய்த்து மங்க வைக்கலாம், இதில் அது முடியாது, தேய்த்தால் இன்னும் பெரிதாகும். எங்கள் கதவில் சாவிக்கொத்து உரசிய இடம் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வருகிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகிறது. கல்யாண மோதிரமும் வளையலும் போட்ட கைக்கு இந்தப் பூச்சு சரிப்படாது.

கறுப்பிலேயே கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும். ஒன்று நீலம் ஓடிய கறுப்பு, ஒன்று பழுப்பு ஓடிய கறுப்பு. கடையில் தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாது, வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நன்றாகத் தெரியும். எல்லாம் கறுப்பு என்று முடிவு பண்ணினால் ஒரே கம்பெனியில், ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் வாங்குங்கள்.

கியாரண்டி காகிதத்தில் துரு பற்றியும் வெளிப்பூச்சு பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன்னால் படியுங்கள். கம்பெனி கியாரண்டி என்ன சொன்னாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், பொருளில் குறை இருந்தால் வாங்கிய ஆறு மாதத்துக்குள் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று கேட்கிற உரிமையை நமக்குக் கொடுக்கிறது. ஆனால் நாம் கீறியது குறையில் சேராது. அதனால் டெலிவரி வந்ததும் பெட்டியைப் பிரித்து நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டோட்டிக்காரி:

அண்ணா, ஆயா, தம்பி, மூவருக்கும் ரொம்ப நன்றி. காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், நாங்கள் ஆசைப்பட்ட விலை உயர்ந்த ஃபிரிட்ஜின் ஸ்டீல் கதவில் பட்டென்று ஒட்டியது! அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஃபிரிட்ஜ் வெள்ளை என்று முடிவாகிவிட்டது, மாமியாருக்குச் சந்தோஷம். மகளைச் சமாதானப்படுத்த ஓவனையாவது கறுப்புக் கண்ணாடி முகப்பில் எடுக்கலாமா? ஹாப்பும் கறுப்புக் கண்ணாடியில் கேட்கிறாள். பாத்திரம் கழுவுகிற மெஷினுக்கு வெளியே தெரியாமல் அலமாரிப் பலகையை முகப்பாகப் போடலாம் என்கிறார் தச்சர். இன்னொரு சந்தேகம், சாமான் மேல் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் படலத்தை அப்படியே விட்டால் உப்பிலிருந்து காப்பாற்றுமா? எங்கள் சொந்தக்காரர் வீட்டில் இன்னும் உரிக்காமலே வைத்திருக்கிறார்கள்.

தென்கரை மெக்கானிக்:

படலத்தை வந்த அன்றே உரித்துவிடுங்கள். அது வண்டியில் வரும்போது கீறாமல் இருக்கத்தான். விட்டால் ஓரம் லேசாகத் தூக்கி, உப்பு ஈரம் உள்ளே புகுந்து வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும், திறந்த தகட்டை விட அந்த இடுக்கில்தான் துரு சீக்கிரம் பிடிக்கும். ஓவன் பக்கத்துச் சூட்டில் பசை வேறு இறுகிவிடும், அப்புறம் உரித்தால் பட்டை பட்டையாகத்தான் வரும். சொந்தக்காரரிடமும் சொல்லுங்கள்.

ஓவனுக்குக் கறுப்புக் கண்ணாடி நல்ல யோசனை, நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்குத் துரு கிடையாது. எண்ணெய்க் கை பட்டது தெரியும், துணியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். கைப்பிடியை மட்டும் பாருங்கள், பிளாஸ்டிக்கின் மேல் குரோம் முலாம் பூசியதாக இருந்தால் அது உரிந்து வரும்.

ஹாப்பில் கண்ணாடி வேண்டாம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பானை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பாரத்தைத் தாங்குவது பானைக்குக் கீழே இருக்கிற கம்பிச் சட்டம்தான் என்றாலும், பானையை இழுக்கும்போது ஓரம் ஒரு தடவை பலமாக இடித்தால் மொத்தக் கண்ணாடியும் நொறுங்கும், மாற்றுக் கண்ணாடி விலை கேட்டால் புது ஹாப்பே வாங்கலாம் போலிருக்கும். எவர்சில்வர் ஹாப், வார்ப்பிரும்புச் சட்டம், நடுவில் ஒரு பெரிய பர்னர் இருக்கிறதாகப் பாருங்கள். தாளிக்கும்போது தெறித்தது, மீனில் தடவிய உப்பும் புளியும் எல்லாம் அன்றைக்கே துடைத்துவிட்டால் போதும். மகளிடம் சட்டமும் பர்னர் மூடியும் கறுப்புதான் என்று சொல்லுங்கள், பாதி ஹாப் கறுப்பாகத்தான் தெரியும்.

காஸ் இணைப்பைப் பதிவு பெற்ற ஆளை வைத்தே போட்டு, சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் கேட்கும்.

பலகை முகப்பு போடலாம், ஆனால் தச்சர் என்ன பலகை போடுகிறார் என்று கேளுங்கள். மெலமைன் பலகையில் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள், மெஷினைத் திறக்கும்போது வருகிற நீராவி விளிம்பில் ஏறினால் உப்பிவிடும். நான்கு விளிம்பும் பட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டும், அடி விளிம்பு உட்பட. அதைத்தான் கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடுகிறார்கள். வினைல் சுற்றிய பலகையாக இருந்தால் ஓவனுக்கு ஒட்டினாற்போல வைக்க வேண்டாம், சூட்டில் ஓரம் உரியும்.

மெரேபாங்க் ஆயா:

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்துவிடாதே மகளே, காற்று போக இடம் விடு. ஜன்னலுக்கு நேர் எதிரில் வைக்கத்தான் இடம் இருக்கிறது என்றால் தச்சரிடம் இப்போதே சொல்லி மாற்றச் சொல், அலமாரி முடிந்த பிறகு ஒன்றும் பண்ண முடியாது.