நம் ஊரில் நீங்கள் கண்ட இனப் பாகுபாடு: மனத்தை விட்டுப் போகாத ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்

காதர்பேட்டைக் கணக்காளர்

திருப்பூர் காதர்பேட்டையை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சிறு குறையுள்ள பின்னலாடைகளான செகண்ட்ஸ் சரக்கு வாங்க வரும் நைஜீரிய வியாபாரிகளையும் பார்த்திருப்பீர்கள். நான் அங்கே ஒரு கடையில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். ஈரோட்டு வியாபாரி பணம் கொடுத்தால் முதலாளி விரலால் ஒரு முறை எண்ணிக் கல்லாவில் போடுவார். நைஜீரியர் கொடுத்தால் முதலில் இயந்திரம், அடுத்து கை, அதன் பிறகு ஒவ்வொரு தாளும் ட்யூப் லைட்டுக்கு நேரே போகும். இத்தனைக்கும் ஆறு ஆண்டுகளில் எங்களுக்கு வந்த கள்ள நோட்டு இரண்டே இரண்டு. இரண்டும் உள்ளூர்க்காரர்கள் கொடுத்தவை. பேரேட்டில் எழுதியவன் நான்.

ஒரு நாள் மாலை, வழக்கமாக வரும் ஒருவர் ஐந்நூறு ரூபாய்க் கட்டை நீட்டினார். எல்லாத் தாள்களிலும் காந்தி முகம் ஒரே பக்கம் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வெள்ளைப் பகுதி முழுவதும் ஒரே ஓரத்தில் இருந்தது. நாங்கள் சோதிக்க வசதியாக இருக்கட்டும் என்று அறையிலேயே அடுக்கி எடுத்து வந்திருக்கிறார். முதலாளி மகிழ்ந்து, "சுத்தமான ஆள்" என்றார். நானும் தலையாட்டினேன். எத்தனை கடைகளில் காத்து நின்றால் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு பழக்கம் வரும் என்று அன்றிரவு முதல் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வரவேற்பறையில் இருந்தவள்

கோவையில் ஒரு விடுதி வரவேற்பறையில் வேலை செய்தேன். 2012 ஆகஸ்டில், வதந்தியை நம்பிப் பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்களே, அந்த வாரம். ஒரு பெண் வந்து ஓர் இரவுக்கு அறை கேட்டாள். முகத்தைப் பார்த்ததும் "பாஸ்போர்ட்" என்று கையை நீட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் வாக்காளர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மணிப்பூர். அட்டையில் இருந்த அசோகச் சின்னத்தின் மேல் அவள் விரல் இருந்தது. என்னிடமும் அதே அட்டைதான் இருந்தது. அந்த விரலை இன்னும் மறக்க முடியவில்லை.

தோட்டத்துச் சாளை

முதல் பதிவில் உள்ளதை இனவெறி என்று நான் ஏற்க மாட்டேன். நாளை எங்கே இருப்பார் என்று தெரியாதவரிடம் பணத்தைச் சரிபார்ப்பது வியாபார எச்சரிக்கை. நம் பக்கத்தில் "அவர் நம் இனமா?" என்று கேட்டால் யாருக்கும் ஆப்பிரிக்கா நினைவுக்கு வருவதில்லை. சாதியைத்தான் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். இரட்டைக் குவளையை வைத்திருந்த ஊர்கள் நைஜீரியருக்காக வருத்தப்படுவது எளிது. அயலாரைப் பற்றிப் பேசினால் நம் வீட்டுத் திண்ணையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா?

2001 இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது தலித் அமைப்புகள் சாதியையும் அதில் சேர்க்கக் கேட்டன. சாதி வேறு, இனம் வேறு என்று சொல்லி இந்திய அரசு எதிர்த்தது. ஆனால் இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965 ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் நிறத்தோடு "வம்சாவளி" என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002 இல் விளக்கமே கொடுத்தது. ஆகவே முதலில் நம் ஊரைப் பேசுவோம்.

என் நிகழ்வு சிறியது. எனக்கு ஆறு வயது. தோட்டத்து வீடான எங்கள் சாளைக்குச் செருப்புத் தைத்துக்கொண்டு வரும் பெரியவர் தண்ணீர் கேட்டார். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொம்பை உயரத் தூக்கி ஊற்ற, அவர் குனிந்து இரு கைகளையும் குவித்துக் குடித்தார். தண்ணீர் முழங்கை வழியாக ஓடிப் புழுதியில் சொட்டியது. நரைத்த தலையோடு அவர் என்னை "சாமி" என்றார். நான் அவரை "போடா" என்றேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை.

வரலாற்று ஆசிரியை, பொள்ளாச்சி

சாளைக்காரர் சொல்வதில் பாதி சரி. எச்சரிக்கை என்ற பாதியை ஏற்க மாட்டேன். கள்ள நோட்டு வந்தது உள்ளூர்க்காரரிடமிருந்து. அதற்குப் பிறகும் உள்ளூர்க்காரர் பணத்தை விரலாலும் நைஜீரியர் பணத்தை விளக்கிலும் பார்த்தால் அதற்கு எச்சரிக்கை என்று எப்படிப் பெயர் வைப்பது? இனமும் சாதியும் தனித்தனி அறைகள் என்பதும் சரியல்ல. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்த காலம் உண்டு. என் நிகழ்வும் அந்த அளவுகோலைப் பற்றியதுதான்.

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதியை வரிசைப்படுத்தினார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 70க்குக் கீழே கூர்மூக்கு, 85க்கு மேலே அகன்ற மூக்கு. மூக்கு அகல அகல சமூகத் தகுதி இறங்கும் என்று அவர் எழுதினார். இங்கே சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நீலகிரித் தோடர், கோத்தர் முதல் பலரையும் கருவி வைத்து அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909 இல் வந்தன.

இது எவ்வளவு அபத்தம் என்று காட்டத்தான் வகுப்பில் சூத்திரத்தைப் பலகையில் எழுதினேன். மாணவர்கள் சிரித்தபடி ஸ்கேலை எடுத்து ஒருவர் மூக்கை ஒருவர் அளக்கத் தொடங்கினார்கள். நானும் சிரித்தேன். கடைசி வரிசையில், ஆனைமலை அடிவாரத்திலிருந்து வரும் ஒரு மாணவி துப்பட்டாவை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை எடுக்கவில்லை.

அடுத்த வகுப்பில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சாமாரும் ஒரே இனம், சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனம் என்று அம்பேத்கர் 1936 இலேயே எழுதியதைச் சொன்னேன். 1948 இல் அதே மூக்கு அளவுகளை எடுத்து, தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமல்ல என்று அவர் வாதாடியதையும், மனிதர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972 இல் கணக்கிட்டதையும் சொன்னேன். அந்த மாணவி அன்று வரவில்லை.

பெருந்துறை வீட்டுக்காரர்

2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிப்பதாகப் பொய்க் காணொளிகள் பரவின. என் லைன் வீட்டில் எட்டுப் பீகார்ப் பையன்கள் இருந்தார்கள். வாடகைக்காகக் கதவைத் தட்டினேன். உள்ளே ஓடிய மின்விசிறியை நிறுத்தினார்கள். மூச்சுகூடக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கும் வீட்டுக்காரனுக்குப் பயந்து!

அது போகட்டும். கணக்காளர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கல்லாவில் ஒரே முறையை வையுங்கள். இயந்திரம் என்றால் ஈரோட்டு வியாபாரிக்கும் இயந்திரம். அதை எழுதி ஒட்டிவிட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். இரண்டாவது, ரசீதைப் பெயர் போட்டுக் கொடுங்கள். ஆளின் பெயரைக் கேட்டு எழுதும் பழக்கம் வந்தால் பேச்சும் மாறும். மூன்றாவது, வெளிநாட்டவருக்கு வீடு கொடுக்க நம்மவர்கள் அஞ்சுவது போலீஸ் விசாரணைக்காக. தங்கவைத்தவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தால் போதும், இணையத்திலேயே செய்யலாம். பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் மற்றவர்களுக்கு எத்தனை மாதமோ அத்தனை மாதம்தான். நான் பத்து மாதம் வாங்கியவன், இப்போது திருத்திக்கொண்டேன். வரவேற்பறைப் பெண்ணுக்கும் இதையே சொல்வேன்: "அடையாள அட்டை" என்று கேளுங்கள் அம்மா, எதைக் காட்டுவது என்பதை வந்தவர் முடிவு செய்யட்டும்.

நல்லிகவுண்டன்பாளையம் பக்கம்

சாளைக்காரருக்கு ஒரு கேள்வி. அந்தப் பெரியவரின் பெயர் என்ன?

என் தாத்தாவும் உங்கள் ஊர்களுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர். அவர் இறந்த அன்று தோட்டத்திலிருந்து வந்த ஒருவர், வாசலில் நின்று, "இங்கே செருப்புத் தைப்பவன் வீடு எது?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் அவர் தைத்த செருப்பைப் போட்டவர். நான் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அப்படி யாரையும் தெரியாது என்றார்.

தோட்டத்துச் சாளை

தெரியாது ஐயா. இன்று காலை அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

காதர்பேட்டைக் கணக்காளர்

பெருந்துறை அண்ணா, நன்றி. நான் இப்போது அந்தக் கடையில் இல்லை.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். ஆசிரியை அம்மா தாம் சிரித்ததை மறைக்காமல் எழுதியதைப் படித்தபின் மறைக்கத் தோன்றவில்லை. அன்றைய கட்டில் ஒரு தாள் கூடுதலாக இருந்தது. இயந்திரத்தின் எண் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும், வாங்க வருபவருக்குத் தெரியாது. கையால் எண்ணியபோதும் ஒன்று கூடியது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன். வாங்க வந்தவர் சொன்ன தொகையையே எழுதி ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். இத்தனை முறை சோதித்தது எங்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக.

அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்தார். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கடைத்தெருவில் கற்ற தமிழில், "வருகிறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.