விரிப்பில் பட்ட கறை

எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சு இது. எல்லோரையும் கேட்டுக்கொண்டுதான் எடுத்துப் போடுகிறேன். பெயர்கள் வேண்டாம், என் ஃபோனில் இருக்கிறபடி உறவுமுறையே இருக்கட்டும். சின்னக்கா மகள் நர்ஸாக வேலை பார்க்கிறாள். பெரியக்காவின் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். இவ்வளவு தெரிந்தால் போதும்.

திங்கள், இரவு 9.40

பெரியக்கா: படுக்கை விரிப்பில் ரத்தக்கறை பட்டுவிட்டது. வெந்நீரில் ஊற வைத்தும் போகவில்லை. யாருக்காவது வழி தெரியுமா?

சின்னக்கா: ஐயோ, வெந்நீர் பட்டால் கறை இன்னும் பிடித்துக்கொள்ளுமே. பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊற வை. காலையில் தேய்.

அண்ணி: யாருக்கு என்ன அடி?

பெரியக்கா: அடியெல்லாம் இல்லை. மாமியாருக்கு முதுகில் லேசாகப் புண்.

பெரியக்கா மருமகள்: அத்தை, இன்று காலையில் பாட்டிக்கு நான்தானே உடம்பு துடைத்துவிட்டேன். புண் எதுவும் இல்லையே.

(பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. அக்கா எழுதுவதாகக் காட்டும், மறையும், மறுபடி காட்டும்.)

நான்: அக்கா, உனக்கா?

பெரியக்கா: பெரிய விஷயம் இல்லை. உடம்புச் சூடாக இருக்கும். 52 வயதில் நின்றது, இப்போது 57. இந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை லேசாகப் பட்டது. தானாகவே நின்றுவிடுகிறது. இதையெல்லாம் குழுவில் எழுதணுமா என்று கூச்சமாக இருக்கிறது.

சின்னக்கா மகள்: பெரியம்மா, எழுதினதே நல்லது. பயப்படாமல் படியுங்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்டணும். ஒரே தடவைதான் என்றாலும், வெறும் பழுப்பு நிறம்தான் என்றாலும் காட்டணும். சூடு என்று விடக் கூடாது.

பெரியக்கா: புற்றுநோய் என்கிறாயா?

சின்னக்கா மகள்: இப்படி வருகிறவர்களில் 100க்குச் சுமார் 90 பேருக்கு அது இல்லை. ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிந்துபோனால் ரத்தம் வரும். கர்ப்பப்பைக்குள் சின்னதாகச் சதை வளர்ந்திருந்தாலும் வரும், பாலிப் என்போம். ஆனால் மீதிப் பத்துப் பேரில் நாம் இல்லை என்பது பரிசோதித்தால்தான் தெரியும். அப்படியே இருந்தாலும், இந்த ரத்தத்தைப் பார்த்ததுமே வந்துவிடுகிறவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

பெரியக்கா: சரி. மாமியார் கொஞ்சம் தேறட்டும், போகிறேன்.

நான்: அக்கா, அவர் படுத்து நாலு வருஷம் ஆகிறது.

பெரியக்கா: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். மற்றவர்கள் கையால் ஊட்டினால் வாயே திறக்க மாட்டார். நான் நாள் பூரா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் யார் பார்ப்பது?

அண்ணி: நான் பார்க்கிறேன்.

அண்ணி: உங்களுக்கு நினைவிருக்காது அக்கா. எனக்குச் சிசேரியன் ஆன சமயம் ராத்திரியெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பசித்தால் மட்டும்தான் என்னை எழுப்புவீர்கள். அந்தத் தூக்கத்தை நான் மறக்கவில்லை. வியாழக்கிழமை காலை 8 மணிக்கு உங்கள் வீட்டில் இருப்பேன்.

பெரியக்கா மருமகள்: நானும் அன்று மதியமே வேலையிலிருந்து வந்துவிடுகிறேன். அத்தை, போன வாரம் நடுராத்திரியில் நீங்கள் துணி அலசுகிற சத்தம் கேட்டது. பாட்டியின் துணி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். எழுந்து வந்திருக்கணும்.

பெரியக்கா: உன்மேல் என்னம்மா தப்பு? நான்தான் சொல்லவில்லையே.

சின்னக்கா: நான் தூரத்தில் இருக்கிறேன், வர முடியாது. டாக்டரிடம் நேரம் வாங்குவது, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி அனுப்புவது என் வேலை. இன்றைக்கே முடிக்கிறேன்.

நான்: ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நான் போகிறேன்.

புதன், மாலை 6.15

சின்னக்கா மகள்: பெரியம்மா, என்றைக்கெல்லாம் பட்டது, எவ்வளவு பட்டது, கட்டியாக வந்ததா என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையில் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லணும். கூச்சப்பட்டு எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள்.

பெரியக்கா: எழுதிவிட்டேன். உன் சித்தியும் கூட இருப்பாள், விட்டது எதையாவது அவள் சொல்லுவாள்.

பெரியக்கா: இது நாளைக்கு வருகிறவளுக்கு. நீ வரும்போது மாமியார் இடப்பக்கமாகப் படுத்திருப்பார். 10 மணிக்கு வலப்பக்கம் திருப்பு. கையைப் பிடித்து இழுக்காதே, அடியில் மடித்துப் போட்டிருக்கிற துணியோடு சேர்த்து உருட்டினால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் சின்னத் தலையணை வை. குதிகால் மெத்தையில் படக் கூடாது, கெண்டைக்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வை. இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசு. முதுகுக்கு முட்டுக்கொடுத்து நன்றாக நிமிர்த்தி வைத்துத்தான் ஊட்டணும், சாப்பிட்டு அரை மணி நேரமாவது அப்படியே உட்காரட்டும். மூன்று வாய் வாங்கியதும் போதும் என்பார். அவருடைய சின்ன வயசுக் கதையைக் கேள். பேச்சு சுவாரஸ்யத்தில் நாலாவது வாய் வாங்கிக்கொள்வார்.

அண்ணி: அக்கா, இதை அப்படியே எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவிடப் போகிறேன். இத்தனையும் உங்கள் ஒருத்தி தலைக்குள்ளேயே இருந்தால் நீங்கள் எப்படித்தான் வீட்டை விட்டு வெளியே கிளம்புவது?

வியாழன், மதியம் 1.05

அண்ணி: ஆறு வாய்! ஊஞ்சலிலிருந்து விழுந்த கதை சொன்னார். 12 மணிக்கும் திருப்பிவிட்டேன், தோல் எங்கும் சிவக்கவில்லை. அங்கே என்ன ஆச்சு?

நான்: இப்போதுதான் வெளியே வந்தோம். உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லையாம். அக்காவுக்கு 9. அதனால் மெல்லிய குழாய் விட்டுத் துளி திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சில நிமிட வேலைதான், ஆனால் வலித்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் இருந்தாள். வலிக்கிறது என்றால் சொல்லு அக்கா என்றேன். அப்போதுதான் அழுதாள். டாக்டரும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

பெரியக்கா: இப்போது பரவாயில்லை. மாதவிடாய் வலி மாதிரி லேசாக இருக்கிறது.

சின்னக்கா மகள்: அது இன்றைக்குள் குறைந்துவிடும் பெரியம்மா. கொஞ்சம் ரத்தம் படலாம், அதுவும் சாதாரணம். நிறையப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்கு ஃபோன் பண்ணுங்கள்.

பெரியக்கா மருமகள்: நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று ராத்திரி பாட்டி அறையில் நான் படுத்துக்கொள்கிறேன். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள் அத்தை.

(ரிப்போர்ட் வரும்வரை தினமும் இரவு யாராவது ஒருவர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தோம். இங்கே எழுதியது குறைவு.)

அடுத்த வெள்ளி, மாலை 5.30

பெரியக்கா: ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. பாலிப் இருப்பதாகச் சொல்கிறார்கள். கேமரா விட்டு எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம் என்கிறார் டாக்டர். எடுத்ததையும் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம்.

சின்னக்கா: வயிற்றில் பாலை வார்த்தாய்.

பெரியக்கா: வருகிற செவ்வாய்க்கிழமை. என்னோடு யார் வருகிறீர்கள்? வீட்டில் யார் இருக்கிறீர்கள்?

(இந்தக் குழுவில் அக்கா தனக்காக யாரையும் வரச்சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.)

நான்: நான் வருகிறேன்.

பெரியக்கா மருமகள்: பாட்டியோடு நான். லீவு சொல்லிவிட்டேன்.

அண்ணி: மதியத்துக்கு மேல் நானும் வந்துவிடுகிறேன். அப்புறம், நானும் ஒன்று சொல்லணும். இருமினால், தும்மினால் எனக்குச் சிறுநீர் கசிகிறது. இரண்டு வருஷமாக இப்படித்தான். எங்கே போனாலும் கறுப்பு உடைதான் போடுகிறேன், முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் தேடுகிறேன்.

சின்னக்கா மகள்: அத்தை, நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, குறைக்கவும் முடியும். சிறுநீரை அடக்கும்போது ஒரு தசையை இறுக்குவோமே, அதற்குத்தான் பயிற்சி. ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது விடாமல் செய்யணும். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டிச் சரியான தசையைத்தான் இறுக்குகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியக்கா: செவ்வாய்க்கு அடுத்த வாரம் போகலாம். நான் கூட வருகிறேன். உன் வீட்டில் அன்றைக்கு என்னென்ன வேலை இருக்கும் என்று இங்கே எழுது.