ஐயாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கி: ஒப்படைக்கணுமா, வச்சுக்கலாமா?

கானாடுகாத்தான்_பேரன்:
எங்க ஐயா (அப்பாவோட அப்பா) போன ஆவணில தவறிட்டாக. பொங்கலுக்கு வந்து பெட்டக ரூமைத் திறந்தா அவுக ரெட்டைக்குழல் துப்பாக்கி, எண்ணெய்த்துணி சுத்தி, கூடவே லைசென்ஸ் புக்கு. பர்மாவுல இருந்து வந்த நகையெல்லாம் வீட்லயே கெடந்த காலத்துல வாங்கினதாம். சுட்டு யாரும் பாத்ததில்ல, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வர்றதுதான் அதோட ஒரே சோலி. பங்காளிக கமுக்கமா வச்சிருன்றாக, டெக்சாஸ்ல இருக்குற அண்ணன் "ஒன் வீட்டுச் சொத்துடா, கவர்மெண்ட்டுக்கு என்ன வந்துச்சு"ன்றாரு, அப்பச்சிக்கு (எங்க அப்பாவுக்கு) தூக்கமே இல்ல. என்ன பண்ணலாம்?

கோர்ட்வாசல்:
தம்பி, கமுக்கமா வைக்கிற வேலையே வேணாம். லைசென்ஸ் ஐயா பேருக்குத்தான், துப்பாக்கிக்கு இல்ல, அவுக போனதோட அதுவும் போச்சு. 1959 ஆயுதச் சட்டம் 21ம் பிரிவுப்படி தாமதிக்காம ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்ட்டயோ டெபாசிட் பண்ணணும். ஆவணில இருந்து தைக்கு வந்தாச்சு, இனி ஒரு வாரம் கூட இழுக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்பறம் ரெண்டு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள. வாரிசுக்கு வேணும்னா 2016 ஆயுத விதிகள்ல வழி இருக்கு, மத்த வாரிசுககிட்ட ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கிட்டு மனு போடுங்க. எட்டுப் பங்கு வீட்ல அந்தக் கையெழுத்து வாங்குறதுதான் பெரிய பாடு 😄

ரங்கூன்_முகப்பு:
அண்ணே சட்டம் சரி, ஆனா டெக்சாஸ் அண்ணன் கேக்குறதுல ஒரு ஞாயம் இல்லையா? 1878ல வெள்ளக்காரன் போட்ட சட்டத்துல நம்மாளு லைசென்ஸ் வாங்கணும், வெள்ளக்காரனுக்கு விலக்கு. ஆள நம்பலைன்னுதானே அர்த்தம். சுதந்திரம் வந்து வெள்ளக்காரன் போயிட்டான், நம்பாத புத்தி மட்டும் போகல. தேர்தல் வந்தா 70 வயசுப் பெரியவர் பஸ்ல துப்பாக்கியத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போகணும், நாட்டு வெடி செய்யிறவன் எவனாச்சும் போய் நிக்கிறானா? ஒழுங்கா இருக்குறவனத்தான் பிடுங்குறாங்க.

கோர்ட்வாசல்:
அந்தக் கோவம் எனக்கும் உண்டு. ஆனா அமெரிக்காவ இங்க கொண்டாந்து வைக்க முடியாது. அங்க 1791லயே துப்பாக்கி வச்சுக்கிற உரிமைய அரசியல் சாசனத்துல எழுதிட்டான், 2008ல ஹெல்லர் வழக்குல வீட்ல தற்காப்புக்கு வச்சுக்கிறது தனிமனுச உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அதே தீர்ப்புல அந்த உரிமைக்கு எல்லை உண்டுன்னும் இருக்கு, அத உங்க அண்ணன் சொல்லிருக்க மாட்டாரு. இங்க அது உரிமை இல்ல, அனுமதி. அதுக்காக அதிகாரி இஷ்டம்னும் இல்ல: மறுத்தா காரணத்த எழுத்துல பதியணும், அப்பீலுக்கு 18ம் பிரிவு இருக்கு, சொத்து பத்தாதுங்குற ஒரே காரணத்துக்காக மறுக்கவும் கூடாது. நம்மாளு அப்பீல் போறதே இல்ல, கலெக்டர் ஆபீஸ் படியேறி இறங்கியே ஓஞ்சு போயிடுறான். சண்டை போடணும்னா அங்க போடுங்க, பெட்டகத்துக்குள்ள ஒளிச்சு வச்சு இல்ல.

தேவகோட்டை_ஆச்சி:
நான் ஒண்ணு கேக்குறேன். அந்த வீட்ல இப்ப யார் இருக்கா? கல்யாணம், படைப்புக்கு வந்து போறதோட சரி, மிச்ச நாளெல்லாம் பூட்டித்தான கெடக்கு. எங்க வீட்டு ஓட்டப் பிரிச்சு உள்ள எறங்கி பித்தளை அண்டாவையே தூக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கு துப்பாக்கி இருந்திருந்தா அதையும்தான் தூக்கிருப்பான். முந்தி அது வீட்டக் காத்துச்சு, இப்ப அதுக்கே ஒரு வாட்ச்மேன் போடணும் போல. உரிமையப் பத்தி டெக்சாஸ்ல இருந்து பேசுறது சுளுவு, சாவி யார் இடுப்புல இருக்கும்னு கேளுங்க.

கானாடுகாத்தான்_பேரன்:
ஆச்சி 😅 சாவி அப்பத்தாட்ட. இன்னொண்ணு, காரைக்குடில பழைய சாமான் வாங்குற ஒருத்தர் "ஆன்டிக்தானே, சொவத்துல மாட்ட தர்றீங்களா"ன்னு கேட்டாரு.

கோர்ட்வாசல்:
குடுத்துறாதீங்க! ரிப்பேர் பண்ணாக்கூட சுட முடியாத பழசுக்குத்தான் 45ம் பிரிவுல விலக்கு. எண்ணெய் போட்டு வச்சிருக்கீங்க, அது இன்னும் சுடும்.

கானாடுகாத்தான்_பேரன்:
வக்கீல்ட்ட போன்ல பேசிட்டோம், நாளைக்கு அவரையும் கூட்டிக்கிட்டு அப்பச்சியும் நானும் ஸ்டேஷனுக்குப் போறோம். அப்பத்தா மட்டும் "அந்த ரசீதப் பத்திரமா வை, ஐயா பழைய ரசீது ஒண்ணு விடாம கட்டி வச்சிருக்காக"ன்னாக. எண்ணிப் பாத்தேன், பதினோரு ரசீது.