முன் பிரேக் சுற்றுக்கு ஒரு தடவை கவ்வுகிறது: கட்டையா, ரிம்மா?

சேலத்துச் சைக்கிள்:
700சி ஹைபிரிட், வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் கட்டை அழுத்தும் வகை), அலுமினிய ரிம். வாங்கி எட்டு வருடம் ஆகிறது. மாதம் இரண்டு ஞாயிறு ஏற்காடு ஏறி இறங்குவேன். மூன்று வாரமாக முன் பிரேக்கை லேசாகப் பிடித்தால், சுற்றுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் 'டக்'கென்று கவ்வி விட்டுவிடுகிறது. இறக்கத்தில் அதுவே ஹேண்டில் முழுக்க உதறல். 20 கொண்டை ஊசி வளைவிலும் வயிற்றைக் கலக்குகிறது.

கடையில் கோட்டம் எடுத்தார்கள். சக்கரம் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது, பிரேக் மட்டும் அப்படியேதான். கட்டையையும் மாற்றியாயிற்று. "ஓட்ட ஓட்ட சரியாயிடும் சார்" என்றார் கடைக்காரர். எது சரியாகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கைப்பம்பு:
ரிம்மில் தார், எண்ணெய் ஏதாவது ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள்.

சேலத்துச் சைக்கிள்:
துடைத்தேன். துணி கறுத்ததுதான் மிச்சம்.

திருச்சி டர்னர்:
தம்பி, கோட்டம் வேறு, அகலம் வேறு. கம்பியை முறுக்கினால் ரிம் இடம் வலமாக நகரும், அதன் அகலம் மாறாது. ஒரு இடத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் தடித்திருந்தாலும், அது இரண்டு கட்டைக்கு நடுவே வரும்போது கவ்வத்தான் செய்யும். நான் லேத்தில் முப்பது வருடம் நின்றவன், அரை மில்லிமீட்டர் எனக்குப் பெரிய மேடு.

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கவ்வும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அது வால்வுக்கு நேர் எதிரே இருந்தால், ரிம்மின் ஜாயிண்டாக இருக்கலாம். படி இருந்தால் நகத்தில் தட்டும். சின்னப் படி என்றால் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி நாலு இழுப்பு போதும்.

வேறு இடம் என்றால், பள்ளத்தில் அடிபட்டு விளிம்பு பிதுங்கியிருக்கலாம். ஆனால் எட்டு வருடம், மலை இறக்கம் என்கிறீர்கள். அதனால் அந்த இடத்தை வெர்னியரில் இரண்டு தடவை அளங்கள்: டயரில் முழுக் காற்றோடு ஒன்று, காற்றை இறக்கி ஒன்று. காற்று இறங்கியதும் அகலம் சுருங்கினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். வந்து சொல்லுங்கள்.

சேலத்துச் சைக்கிள்:
மச்சானின் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்தேன். கோடு வால்வுக்கு எதிரே விழவில்லை, ஒரு ஜாண் தள்ளி விழுந்தது. மற்ற இடமெல்லாம் 23.6, 23.7 மில்லிமீட்டர். கோடு போட்ட இடத்தில் 80 பி.எஸ்.ஐ காற்றோடு 24.6, காற்றை இறக்கினால் 23.9. டயரைக் கழற்றி உள்பக்கம் டார்ச் அடித்தேன். ரிம்மின் பக்கச் சுவரோரமாகத் தலைமுடி மாதிரி ஒரு கீறல், கட்டைவிரல் நீளம். இதை வைத்துக்கொண்டா போன ஞாயிறும் இறங்கினேன்!

திருச்சி டர்னர்:
நல்லவேளை. பிரேக் கட்டை தேய்வது நமக்குத் தெரியும், கூடவே ரிம்மும் தேய்வது தெரிவதில்லை. மழையில் ரோட்டு மண் கட்டையில் ஒட்டி அரம் மாதிரி ராவும். சுவர் மெலிந்ததும் உள்ளிருந்து காற்று அதை வெளியே தள்ளும். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் சுவர் கிழிந்து, டியூப் வெடித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைப்பம்பு:
ஐயா, ரிம் தேய்ந்துவிட்டது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

திருச்சி டர்னர்:
பல ரிம்களில் கட்டை உரசும் இடத்தில் மெல்லிய பள்ளக்கோடோ சின்னக் குழியோ இருக்கும். அது அழிந்தால் ரிம் காலி. அது இல்லாத ரிம்மில் ஸ்கேலின் விளிம்பைச் சுவரில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் குழி விழுந்திருக்கிறது.

சேலத்துச் சைக்கிள்:
அதே அளவில் 32 துளை ரிம் கிடைத்தது. இந்த முறை வேறு கடை. பழைய ரிம்மோடு புதியதை ஒட்டி டேப் சுற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக இதிலிருந்து அதற்கு மாற்றினார். முக்கால் மணி நேரம் ஸ்டூல் போட்டு வேடிக்கை பார்த்தேன். பிரேக் இப்போது வெண்ணெய். வீட்டுக்கு வந்து பின் ரிம்மில் ஸ்கேலை வைத்தேன், அங்கேயும் வெளிச்சம் தெரிகிறது. நாளைக்கு மறுபடியும் அதே ஸ்டூல்.